தனம்மாள், ராபர்ட் ஜான்சன்: ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம்

[எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு மொழியை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.]

மாடம்பாக்கத்துலேர்ந்து பேசறேன். நடுவுல தலைக்கு மேல ஏதாவது உறுமற சத்தம் கேட்டா அது எடிட்டிங் கோளாறு இல்ல, தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பக்கத்துல வீடு எடுத்தா வர்ற பலன்.

இன்னிக்கு ரெண்டு பேரைப் பத்திப் பேசப் போறோம். 1938 ஆகஸ்ட் 16-ம் தேதி அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல, கிரீன்வுட் ஊர்ப் பக்கம், ராபர்ட் ஜான்சன் இறந்துபோனார். வயசு 27. கையில ஒரு கிதார், நிலையான வீடு கிடையாது. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் கழிச்சு, அக்டோபர்ல, சென்னையில வீணை தனம்மாள் இறந்துபோனாங்க. அவங்களுக்கு எழுபது வயசு. ஒருத்தர் பேரு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா ரெண்டு பேரும் ஒரே வேலையைச் செஞ்சவங்க: மடியில ஒரு தந்தி வாத்தியத்தை வச்சுக்கிட்டு, அதை வாசிச்சுக்கிட்டே பாடறது. பக்கவாத்தியம் வேண்டாம், தாளக்காரர் வேண்டாம். முழுக் கச்சேரியும் ஒரே ஆள்கிட்டேர்ந்து வரும். ரெண்டு பேரோட சத்தமும் இன்னிக்கு நமக்கு மிஞ்சியிருக்கறது 1930கள்ல எடுத்த சில கருப்புத் தட்டுகள்லதான். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், மூணேகால் நிமிஷம்.

ராபர்ட் ஜான்சனை உங்கள்ல நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நாலு ரோடு சேர்ற இடத்துல நடுராத்திரி சாத்தான்கிட்ட ஆன்மாவைக் கொடுத்து கிதார் கத்துக்கிட்டார்னு ஒரு கதை சுத்துது, அதுல தெரிஞ்சிருக்கும். எரிக் கிளாப்டன், ரோலிங் ஸ்டோன்ஸ் எல்லாம் இவர் பாட்டை எடுத்துப் பாடினவங்க. தனம்மாளை? இங்க இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி கடைசி ஸ்டேஷன் பீச்ல இறங்கினா அவங்க வாழ்ந்த ஜார்ஜ் டவுன். அந்த எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓட ஆரம்பிச்சதே 1931-ல. அவங்க தட்டுகளைக் கொலம்பியா கம்பெனி பதிவு பண்ணதும் அதே 30களோட தொடக்கத்துலதான். நாம தினம் போற ரூட்டு. ஆனா மிசிசிப்பிதான் நமக்குக் கிட்டக்க இருக்கு. இதைக் குத்திக்காட்ட சொல்லல, எனக்கும் கிதார்தான் முதல்ல வந்துச்சு. ஏன் அப்படின்னு யோசிச்சுப் பாக்கலாம்னுதான் இந்த எபிசோட்.

முதல்ல சாத்தானை வெளியில அனுப்பிடலாம். ராபர்ட் ஜான்சன் கத்துக்கிட்ட விதம் ஓரளவு தெளிவாவே தெரியும். ஐக் சிம்மர்மன்னு ஒரு கிதார்காரர்கிட்ட மாசக்கணக்கா இருந்து பழகினார். ராத்திரியில இடுகாட்டுல உட்கார்ந்து பழகினாங்கன்னு சொல்றாங்க. தொந்தரவு இல்லாத இடம், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், அவர் இசைத்தட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை. லிராய் கார், கோகோமோ ஆர்னால்ட் மாதிரி ஆளுங்களோட தட்டுகள்ல இருந்து எதை எடுத்திருக்கார்னு பாட்டுக்குப் பாட்டு அடையாளம் காட்டலாம். 'மண்ணுலேர்ந்து தானா முளைச்ச கிராமியக் கலைஞன்' இல்ல. அந்தக் காலத்து லேட்டஸ்ட் டெக்னாலஜியைக் காது கொடுத்துப் படிச்ச ஒரு புத்திசாலிப் பையன்.

தனம்மாள் விஷயத்துல நம்ம ஊர்ல இதுக்கு நேர் எதிரான இன்னொரு கதை உண்டு. 'தெய்வீகம்.' சரஸ்வதியே வந்து உக்கார்ந்த மாதிரி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த வார்த்தை உழைப்பை மறைச்சுடுது. பாட்டி காமாட்சி நாட்டியக்காரர், அம்மா சுந்தரம்மாள் பாடகி. முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளை சாத்தனூர் பஞ்சநதய்யர்கிட்ட பாடம் பண்ணாங்க. பதங்களை வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸ்கிட்ட. அவர் பார்வையில்லாதவர், பதம் பாடறதுல அப்படி ஒரு பேரு. ஜாவளிகள் தர்மபுரி சுப்பராயர் எழுத எழுத நேரடியா வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வகைப் பாட்டுக்கும் அதுக்குன்னு ஒரு ஆளைத் தேடிப் போய் கத்துக்கிட்ட வாழ்க்கை இது. கடைசிக் காலத்துல தனம்மாளுக்கும் பார்வை போயிடுச்சு. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், பிளைண்ட் வில்லி ஜான்சன், பிளைண்ட் பிளேக்னு பழைய ப்ளூஸ் கேட்டலாக்ல வரிசையா பேரு வரும். பார்வை இல்லாதவங்களுக்கு அன்னிக்கு இருந்த சில பிழைப்புகள்ல பாட்டு ஒண்ணு. அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

சரி, அந்த வாத்தியங்களைக் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாக்கலாம்.

கன்ட்ரி ப்ளூஸ் கிதார்காரர் கட்டைவிரலால கீழ் சுருதித் தந்திகளை விடாம தட்டிக்கிட்டே இருப்பார், அது தாளம். மத்த விரல்கள் மேல் தந்திகள்ல பாட்டுக்குப் பதில் சொல்லும். ராபர்ட் ஜான்சனை முதல்முதலா கேட்டவங்க நிறையப் பேர் ரெண்டு கிதார்னு நினைச்சாங்க. இப்ப வீணையை எடுங்க. வாசிக்கற தந்தி நாலு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டுல தாளத்துக்குன்னே மூணு தந்தி, அதைச் சுண்டுவிரலால மீட்டணும். ஒரே கையில ராகமும் தாளமும். தனம்மாள் மிருதங்கம் இல்லாம வாசிச்சாங்கன்னா அந்தச் சுண்டுவிரலை நம்பித்தான்.

அடுத்தது அந்த 'வளைவு'. ப்ளூஸ்ல காந்தாரம் ஒரே இடத்துல நிக்காது. கர்நாடக சங்கீதக் கணக்குல சொன்னா, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவுல எங்கேயோ அது தொங்கும். கிதார்ல அந்த இடத்துக்கு மெட்டு கிடையாது. அதனால தந்தியை இழுக்கணும், இல்லாட்டி கத்தியோ பாட்டில் கழுத்தோ தந்தி மேல வச்சு வழுக்கணும். வீணையிலயும் மெழுகுல பதிச்ச 24 மெட்டுகளும் நிலையா இருக்கு, ராகம் உசிரோட இருக்கற இடம் பெரும்பாலும் மெட்டுக்கு நடுவுல. பக்கவாட்டுல இழுத்தாதான் கமகம். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. கமகத்துக்குப் பின்னாடி ஒரு ராகத்தோட முழு இலக்கணம் இருக்கு, ப்ளூஸ் வளைவுக்கு வேற வரலாறு, அதுல ஆப்பிரிக்கா இருக்கு, அடிமை முறை இருக்கு, பருத்திக்காடு இருக்கு. ஆனா மெட்டு கட்டின ஒரு வாத்தியத்தைத் தொண்டை மாதிரி பேச வைக்கணுங்கற பிடிவாதம் ரெண்டுலயும் ஒண்ணு.

இப்ப தட்டுக்கு வரேன். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீட்டினா பொறுத்துக்குங்க.

அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டு எதுல செஞ்சது? வினைல் இல்ல. அரக்கு. பார்சல் மேல சீல் வைப்பாங்களே, அதே அரக்கு. பலாச மரத்துலயும் குசும் மரத்துலயும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கற பிசின். அதோட கல்தூள், கரி எல்லாம் சேர்த்து சூடாக்கி அச்சுல அமுக்கினா தட்டு. உலகத்துக்கே அந்த அரக்கைப் பெரும்பாலும் அனுப்பினது இந்தியா. இப்ப ஜார்க்கண்டுன்னு சொல்றோமே, அந்த சோட்டா நாக்பூர் காடுகள். அதாவது மிசிசிப்பிக்காரர் பாட்டு அமெரிக்காவுல வித்தப்போ, அந்தத் தட்டுக்குள்ள இருந்த அரக்கு பெரும்பாலும் நம்ம ஆதிவாசி மக்கள் மரத்துலேர்ந்து சுரண்டி எடுத்தது. ரெண்டாம் உலகப் போர் வந்து கப்பல் நின்னதும் 1942-ல அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. தட்டுக் கம்பெனிகள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கி புதுசு போட்டாங்க. எத்தனை பழைய பாட்டு அப்படிக் கரைஞ்சுதோ.

பதிவு எப்படி நடந்துச்சு? 1925-க்கு முன்னாடி மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழாய்க்குள்ள கத்திப் பாடணும், அந்த அதிர்வே நேரா மெழுகுல கோடு போடும். அதுக்குச் சத்தமான குரல் வேணும். 1902-ல கல்கத்தாவுல கௌஹர் ஜானைப் பதிவு பண்ணதுல இருந்து இந்தக் கதை ஆரம்பிக்குது. அடுத்த சில வருஷங்கள்ல தெற்கே சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். பட்டியலைப் பாத்தீங்களா? எல்லாரும் பெண்கள். எல்லாரும் தேவதாசி மரபுலயோ, வடக்கே அதுக்கு இணையான மரபுலயோ வந்தவங்க. குடும்பப் பெண்கள் பொது இடத்துல பாடக் கூடாதுன்னு இருந்த காலம். பெரிய வித்வான்கள்ல நிறையப் பேர் மெஷின் முன்னாடி பாடத் தயங்கினாங்க. இவங்க போய் நின்னாங்க. அமெரிக்காவுலயும் கறுப்பின மக்களுக்கான ப்ளூஸ் தட்டுச் சந்தையைத் திறந்துவிட்டது ஒரு பெண்தான்: மேமி ஸ்மித், 1920. அது லட்சக்கணக்குல வித்த பிறகுதான் கம்பெனிகளுக்கு 'ஓ, இவங்களும் காசு கொடுத்து வாங்குவாங்களா'ன்னு புரிஞ்சுது. கிதாரோட தனியா பாடற ஆண்கள் அதுக்கப்புறம்தான் வர்றாங்க: 1926-ல பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், 1929-ல சார்லி பேட்டன்.

அந்தத் தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'னு தனிப் பட்டியல் போட்டு வித்தாங்க. கறுப்பர்களுக்குத் தனி பெஞ்ச் மாதிரி தனி கேட்டலாக். இதுல பெரிய கம்பெனி பாராமவுண்ட். சினிமா பாராமவுண்ட் இல்ல, விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு நாற்காலி கம்பெனி! கிராமபோன் பெட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. பெட்டி விக்கணும்னா தட்டு வேணுமேன்னு தட்டுலயும் இறங்கினாங்க. ஆள் பிடிச்சுக் கொடுத்தது எச்.சி. ஸ்பியர் மாதிரி கடைக்காரங்க. மிசிசிப்பியில ஜாக்சன் ஊர்ல அவர் கடை வச்சிருந்தார். யார் பாட்டு ஓடும்னு அவருக்குத் தெரியும், கல்லாவுல உக்கார்றவருக்குத் தெரியாதா? நம்ம ஊர்ல? காரைக்குடியில அப்பா கடையில கிராமபோன் தட்டு வித்த ஒரு பையன், பிறகு சென்னைக்கு வந்து நண்பர்களோட சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் கம்பெனிக்குத் தட்டுகள் பதிவு பண்ணார். அவரோட பேர் மெய்யப்பன். ஆமா, ஏவி.எம். ஸ்டூடியோவோட ஏவி.எம். தமிழ் சினிமாவோட ஒரு வேர் தட்டுக் கடையில இருக்கு.

மைக் வந்ததும்தான் மெல்லிய சத்தங்களுக்கு வழி பிறந்துச்சு. தனம்மாள் வீணை ரொம்ப மெல்லிசு. மீட்டுக் கம்பி போட்டுக்காம வெறும் விரலால வாசிப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜார்ஜ் டவுன் வீட்டுல வாசிச்சா பெரிய பெரிய வித்வான்கள் வந்து தரையில உக்காருவாங்க. மூச்சு விடற சத்தம்கூட இடைஞ்சல். தெருவுல வண்டி போனா கேக்காது. அப்படிப்பட்ட ஒரு சத்தம் குழாய்க் காலத்துல தட்டுல ஏறியிருக்குமா? சந்தேகம். 30கள் வரைக்கும் அவங்க காத்திருந்தது ஒரு விதத்துல நமக்கு அதிர்ஷ்டம். ஆனா அதுக்குள்ள அறுபதைத் தாண்டிட்டாங்க.

ராபர்ட் ஜான்சனும் மைக் காலத்து ஆள். 1936 நவம்பர்ல டெக்சஸ்ல சான் அன்டோனியோ ஊர்ல ஒரு ஹோட்டல் அறை, 1937 ஜூன்ல டாலஸ்ல ஒரு கட்டடம். ரெண்டு தடவை, மொத்தம் அஞ்சு நாள், 29 பாட்டு. முடிஞ்சுது. அவர் சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்து வாசிச்சார்னு பதிவு நடத்தின டான் லா சொல்லியிருக்கார். கூச்சம்னு சிலர் சொல்றாங்க. இல்ல, மூலையில சத்தம் முட்டித் திரும்பினா கிதார் கணீர்னு கேக்கும், அதைத் தெரிஞ்சே செஞ்சார்னு ரை கூடர் சொல்றார். நான் ரை கூடர் கட்சி.

இப்ப அந்த மூணு நிமிஷம். 10 அங்குலத் தட்டோட ஒரு பக்கம் தாங்கறது அவ்வளவுதான். டெல்டாவுல சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு வாசிக்கறவர் ஒரே பாட்டை ஜனங்க ஆடற வரைக்கும் இழுப்பார். வார்த்தையைச் சேர்ப்பார், திரும்பப் பாடுவார், எவனையாவது கிண்டல் பண்ணுவார். தட்டுக்கு அது ஆகாது. ஆரம்பம், நாலஞ்சு சரணம், முடிவு. சன் ஹவுஸ் மாதிரி சிலர் 1930-ல ஒரு பாட்டை ரெண்டா வெட்டி இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதின்னு பாடினாங்க. ஜான்சன் வேற வழி எடுத்தார். மூணு நிமிஷத்தையே ஒரு வடிவமா எடுத்துக்கிட்டார். அவர் பாட்டுகள்ல ஒண்ணுகூட நடுவுல அறுந்து நிக்கற மாதிரி இருக்காது. சில பாட்டுகளுக்கு ரெண்டாவது டேக்கும் கிடைச்சிருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டா, ஏற்கனவே யோசிச்சு அடுக்கி வச்சுட்டுத்தான் வந்திருக்கார்னு தெரியும்.

கர்நாடக சங்கீதத்துக்கு இந்த மூணு நிமிஷம் இன்னும் கொடுமை. ஒரு தோடியை அரை மணி நேரம் ஆலாபனை பண்றவங்ககிட்ட மூணு நிமிஷம் கொடுத்தா? நிறையப் பேர் வேகத்தைக் கூட்டினாங்க. ஓட்டமும் நடையுமா ஒரு கீர்த்தனை, கடைசியில மூச்சு வாங்க ரெண்டு ஸ்வரம். பழைய தட்டுகளைக் கேட்டு 'அந்தக் காலத்துல எல்லாரும் ஃபாஸ்ட்டா பாடினாங்க'ன்னு முடிவு கட்டறவங்க இருக்காங்க. அவசரப்படாதீங்க. தட்டு முடியப் போகுதுங்கற பயம் பாடுது அதுல. தனம்மாளுக்கு இந்த அவசரம் சுத்தமா பொருந்தாது. அவங்க பெருமையே விளம்ப காலம், நிதானமா நகர்ற பதங்கள். ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு அதுக்குள்ளேயே போய் வர்ற பாட்டு. அதனால அந்தத் தட்டுகளை 'இதுதான் தனம்மாள்'னு கேக்காதீங்க. ஒரு வெள்ளிக்கிழமைக் கச்சேரி எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுட்டு, அதுக்கு ஒரு ஜன்னல்கூட இல்ல, சாவித் துவாரம் இதுன்னு நினைச்சுக் கேளுங்க.

[எபிசோடில் இந்த இடத்தில் ஒரு பழைய தட்டின் வெறும் இரைச்சல் பத்து வினாடி ஓடுகிறது. பாட்டு இல்லை.]

இந்த இரைச்சலை ஏன் போட்டேன்னா, நம்ம காது முதல்ல தோத்துப் போறது இங்கதான். ஸ்ட்ரீமிங்ல பழகின காதுக்கு முதல் பதினஞ்சு செகண்ட் எரிச்சலா இருக்கும். ஹெட்ஃபோனைக் கழட்டிடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க, ரூம்ல கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இரைச்சல் தானா பின்னால போயிடும். கிராமபோனை யாரும் காதுக்குள்ள சொருகிக் கேக்கல.

இன்னொரு விஷயம், வேகம். 78-னு பேரு இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி, பதிவுக்குப் பதிவு சுத்தற வேகம் மாறும். டிஜிட்டலா மாத்தறவர் கவனிக்கலன்னா சுருதி ஏறிடும், குரல் கீச்சுன்னு ஆகிடும். ராபர்ட் ஜான்சன் தட்டுகளே வேகம் கூடிப் போச்சான்னு ரசிகர்களுக்குள்ள பெரிய சண்டை நடந்திருக்கு. நம்ம நாடகப் பாட்டுத் தட்டுகள்ல இது இன்னும் குழப்பம், ஏன்னா அவங்க நிஜமாவே அந்த உயரத்துல பாடினவங்க. மைக் இல்லாத கொட்டகையில கடைசி வரிசைக்குக் கேக்கணுமே. செங்கோட்டை கிட்டப்பாவைக் கேட்டிருக்கீங்களா? 1933-ல இறந்தார். அவருக்கும் வயசு 27. ராக் ரசிகர்கள் '27 கிளப்'னு சொல்லி ஜான்சன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், கர்ட் கோபேன்னு பட்டியல் போடுவாங்களே, அதுல கிட்டப்பாவுக்கு ஒரு நாற்காலி போடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. பேசும்படம் வந்தும் ஒரு படத்துலகூட அவர் நடிக்கல. தட்டு இல்லாட்டி கிட்டப்பா வெறும் வதந்தி.

சரி, ஆரம்பத்துல கேட்ட கேள்வி. மிசிசிப்பி ஏன் கிட்டக்க இருக்கு, ஜார்ஜ் டவுன் ஏன் தூரத்துல இருக்கு?

ராபர்ட் ஜான்சன் தட்டுகள் அவர் காலத்துல சுமாரா வித்தது, அவ்வளவுதான். 1938 டிசம்பர்ல நியூயார்க் கார்னகி ஹால்ல ஜான் ஹாமண்ட் ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினார். ஜான்சனை மேடையேத்தணும்னு தேடினா ஆள் இறந்துட்டார். மேடையில ரெண்டு தட்டைப் போட்டு ஜனங்களைக் கேக்க வச்சார். 1961-ல எல்.பி. வந்தப்போ லண்டன் பசங்க காதுல விழுந்துச்சு. அதுக்கு நடுவுல ஒரு கூட்டம், பெரும்பாலும் வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள், வீடு வீடா கதவைத் தட்டித் தட்டு வாங்கினாங்க. மிசிசிப்பி ஜான் ஹர்ட்னு ஒருத்தர் 1928-ல பதிவு பண்ணிட்டு ஊருக்குத் திரும்பிப் போய் விவசாய வேலை பாத்துக்கிட்டு இருந்தார். அவர் பாட்டுல ஒரு ஊர் பேரு வருது, அவலான். 1963-ல ஒரு இளைஞன் பழைய மேப்ல அந்த ஊரைக் கண்டுபிடிச்சுப் போய் விசாரிச்சா, அங்கேயே இருக்கார்! எழுபது வயசுல அவருக்கு ரெண்டாவது வாழ்க்கை. தட்டே ஒரு விலாசமா இருந்த கதை அது. இதுல கசப்பும் இருக்கு. வாழ்ந்தப்போ காசு கொடுக்காத சந்தை, செத்த பிறகு புராணம் எழுதிச்சு.

நம்ம பக்கம் நடந்தது வேற. தனம்மாள் தட்டு வந்த அதே காலத்துல அவங்க சமூகத்துப் பெண்களோட தொழிலையே சமூகம் கேள்வி கேட்டுக்கிட்டு இருந்துச்சு. 1920களோட கடைசியில முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில தேவதாசி முறைக்கு எதிரா பேச ஆரம்பிச்சார். 1947-ல சட்டம் வந்துச்சு. பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடறதை நிறுத்தினது தேவையான வேலை, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா கூடவே அந்தக் கலைஞர்கள் மேல இருந்த மரியாதையும் கழண்டு போச்சு. 1928-ல மியூசிக் அகாடமி தொடங்குது, சபா மேடை கொஞ்சம் கொஞ்சமா வேற வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகுது. பாட்டு போச்சு, பாடினவங்க பேரு பின்னால தங்கிடுச்சு. மிசிசிப்பி கறுப்பரைப் புராணமாக்கினாங்க. நாம ஜார்ஜ் டவுன் அம்மாளைப் பத்திப் பேசறதையே குறைச்சுக்கிட்டோம். தனம்மாளோட தட்டுகளை யாரும் வீடு வீடா தேடலையான்னா, தேடின ஒரு சிலர் இருக்காங்க. ஆனா கிளாப்டன் இல்ல.

அதே சமயம், பிரான்ஸ்ல ஒருத்தர் இருந்தார். மோரிஸ் டெலாஜ், இசையமைப்பாளர். 1910களோட தொடக்கத்துல இந்தியா வந்து போனவர். கோயமுத்தூர் தாயியோட தட்டைக் கேட்டு அசந்துபோய், அதை ஒட்டியே 'ராகமாலிகா'ன்னு ஒரு உருப்படி எழுதினார். பியானோ சத்தம் இந்திய வாத்தியம் மாதிரி வரணும்னு ஒரு தந்திக்கு அடியில அட்டையைச் சொருகச் சொல்லியிருக்கார். கிளாப்டனுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி, ஒரு கோயமுத்தூர்ப் பெண்ணோட தட்டைக் காப்பியடிக்க முயற்சி பண்ண ஐரோப்பியர்.

தனம்மாளோட உண்மையான தொடர்ச்சி தட்டுல இல்ல, வீட்டுல. பேத்திகள் டி. பிருந்தா, டி. முக்தா பாடினாங்க, இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி ஆடினாங்க, சத்யஜித் ரே 1976-ல அவங்களைப் பத்திப் படமே எடுத்தார். பேரன்கள் புல்லாங்குழல் விஸ்வநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல சொல்லிக் கொடுத்தாங்க. அருணா சாயிராமைக் கேட்டிருப்பீங்க, அவங்க பிருந்தாவோட சிஷ்யை. பிருந்தா-முக்தா பதம் பாடற பதிவுகள் நீளமானவை, மூணு நிமிஷக் கத்தி கிடையாது. என் சிபாரிசு: முதல்ல அதைக் கேளுங்க, ஒரு மணி நேரம். அப்புறம் பாட்டியோட தட்டுக்கு வாங்க. அந்தச் சாவித் துவாரத்துக்குப் பின்னாடி இருக்கற அறை எவ்வளவு பெரிசுன்னு அப்பத்தான் பிடிபடும்.

அந்த ரங்கநாதன்கிட்ட மிருதங்கம் கத்துக்கிட்டவர் ராபர்ட் பிரவுன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர். 1977-ல நாசா வாயேஜர் விண்கலங்களை அனுப்பினப்போ, அதுல வைக்கற தங்கத் தட்டுக்கு இந்தியாவுலேர்ந்து எதை எடுக்கலாம்னு கேட்டாங்க. கோவாவுல பிறந்த கேசர்பாய் கேர்க்கரோட பைரவியைச் சொன்னவர் அவர்தான். மூணரை நிமிஷம், 78 தட்டுலேர்ந்து. அந்தத் தங்கத் தட்டுல கேசர்பாய் பாடி முடிச்ச உடனே அடுத்து வர்றது யார் தெரியுமா? பிளைண்ட் வில்லி ஜான்சன். 1927 டிசம்பர்ல டாலஸ்ல பதிவு பண்ணது, வார்த்தையே இல்லாம முனகிக்கிட்டே கிதார்ல வழுக்கற அந்தப் பாட்டு. ரெண்டும் ஒட்டி ஒட்டி இப்ப சூரிய மண்டலத்துக்கு வெளியில போய்க்கிட்டு இருக்கு. ரெண்டையும் அதே வரிசையில ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்க.

கடைசியா ஒரு வேலை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கத்துல பழைய வீடு வச்சிருக்கறவங்க பரண்ல பாருங்க. சாவி கொடுக்கற பாட்டுப்பெட்டி இல்லாட்டியும் தட்டு கிடக்கும், காகித உறையோட. கிடைச்சா மூணு விஷயம். ஒண்ணு, படுக்க வச்சு அடுக்காதீங்க, செங்குத்தா நிறுத்தி வைங்க. அரக்குத் தட்டு வளையாது, பட்டுன்னு உடையும். ரெண்டு, வீட்டுல இருக்கற வினைல் பிளேயர் ஊசியைப் போட்டு ஓட்டாதீங்க. 78 தட்டோட பள்ளம் அகலம், அதுக்குத் தனி ஊசி இருக்கு. பழைய இரும்பு ஊசியா இருந்தா ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான் கணக்கு. மூணாவது ரொம்ப முக்கியம்: தூசியா இருக்கேன்னு ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தொடாதீங்க. அரக்கு ஆல்கஹால்ல கரையும். பாட்டு துணியோட வந்துடும். காய்ஞ்ச மெல்லிசு துணியால வட்டத்தோட போக்குல துடைங்க, லேபிள்ல இருக்கற பேரையும் நம்பரையும் போட்டோ எடுங்க. தரமணியில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, மும்பையில இசைத்தட்டு சேகரிக்கறவங்களோட சங்கம் இருக்கு. அவங்க பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில ஓடியன் தட்டுகளை டிஜிட்டலாக்கியிருக்காங்க. கேட்டா வழி சொல்லுவாங்க. பழைய பேப்பர்காரருக்குக் கிலோ கணக்குல போடறதுக்கு முன்னாடி அந்த போட்டோவை எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல கோட்டுவாத்தியம். மெட்டே இல்லாத வீணை, மேல கட்டையை வச்சு வழுக்கறது. ஸ்லைடு கிதார் ஆளுங்க தயாரா இருங்க.